பதின்மூன்றாம் வீட்டு வாசல் கல்

மலையாள தேசத்து ஸ்ரீவராகத்தில் அந்தத் தெருவின் சாக்கடை ஓடை வேலை பன்னிரண்டு வீடு வரை பழுதில்லாமல் நடந்தது. பதின்மூன்றாவது வீட்டு வாசலில் ஓடையை மூடும் ஸ்லாப் தீர்ந்துபோயிற்று. பழைய ஸ்லாப்பை உடைத்து அள்ளிய கையோடு ஒப்பந்தக்காரர் கலவை யந்திரத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டடி அகலத்துக்கு ஓடை வாயைப் பிளந்து கிடந்தது.

அந்த வீட்டில் இருப்பவள் ஜானவி. இருபத்துமூன்று வயது. கால்கள் பிறவியிலிருந்தே நடக்கவில்லை. அதற்கும் சேர்த்து வாய் நடக்கிறது என்பது தெருவின் அபிப்பிராயம். பழவங்காடியில் ஒரு டிராவல்ஸில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஒன்பதரைக்குச் சேர வேண்டும். அதற்கென்றே பாட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியும் வந்துவிட்டது. ஓடையைத் தாண்டிவிட்டால் அலுவலக வாசல் வரை அவளே போய்விடலாம்.

அவள் அம்மா மங்கலம் மூன்று வாரமாக எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு நடந்தாள். எம்.எல்.ஏ. பனைவிளை ஹரிகுமார் சும்மா இருப்பவர் என்று விரோதிகூடச் சொல்ல மாட்டான். தொகுதியில் எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் இருப்பார். மரண வீட்டில் சொந்தக்காரர்களுக்கு முன்பாகவே அழுதுவிடுவார். ஓடைக்குக் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை என்பதால் அங்கே மட்டும் வர முடியவில்லை. "எஸ்டிமேட் ரிவைஸ் ஆகிறது" என்று அலுவலகம் சொல்லியனுப்பியது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அழகியநம்பி ஆறுதல் சொல்ல வந்தார். நாஞ்சில்நாட்டுக்காரர், சாலை பஜாரில் பாத்திரக் கடை.

"நீ ஏன் மக்ளே வெசனப்படுக? நாங்க நாலு பேரு இருக்கோம்லா? புதுசு கனம்லா, பழைய நாற்காலியில இரி. பூப்போல தூக்கி ரோட்டுல வச்சிருவோம்."

இண்டர்வ்யூ அன்று அப்படித்தான் தூக்கினார்கள். தூக்கியதைவிடப் படமெடுக்க அதிக நேரமாயிற்று. 'நம் தெருவின் மனிதநேயம்' என்று நம்பி அதை வாட்ஸப் குழுவில் போட, எழுபத்தாறு கைகூப்பல்கள் வந்தன. படத்தில் நம்பி தெளிவாக இருந்தார். ஜானவியின் முகம் அவருடைய முழங்கைக்குப் பின்னால் இருந்தது.

"வேண்டாம் மாமா. இனிமே என்னை யாரும் தூக்கப்படாது. திங்கட்கிழமை நானேதான் ஓட்டிண்டு போவேன்."

"ஓடையத் தாண்டிப் பறப்பியாக்கும்?"

"அதை நான் பாத்துக்கறேன்."

உண்மையில் அவளுக்கு ஒரு வழியும் தெரிந்திருக்கவில்லை. வழி சனிக்கிழமை மத்தியானம் வண்டியில் வந்தது.

கோப்பு நகரும்போதே திறப்பு விழாக் கல்வெட்டுக்கும் ஆர்டர் போய்விடுவது வழக்கம். வேலை பிந்தலாம், பெயர் பிந்தக் கூடாது. நீலச் சட்டை போட்ட சுமட்டுத் தொழிலாளிகள், அதாவது சுமை தூக்கும் யூனியன்காரர்கள், நாலு பேர் கறுப்புக் கிரானைட்டை இறக்க வந்தார்கள். நாலடி நீளம், மூன்றடி அகலம், இரண்டங்குலக் கனம். 'ஓடைப் புனரமைப்பு முழுமையாக நிறைவேற்றப்பட்டு' என்பது சின்ன எழுத்தில். 'பனைவிளை ஹரிகுமார்' என்பது பஸ்ஸிலிருந்தே படிக்கும் எழுத்தில். எல்லாம் மலையாளத்தில், ஆழமாக வெட்டித் தங்க வர்ணம் பூசியிருந்தது.

கூட்டத்தின் தலைவன் ரெஜி சீட்டைப் பார்த்தான். "பதிமூணாம் நம்பர் வீட்டு முன்னால இறக்கணும்னா எழுதியிருக்கு. எவிடயா வெக்கணும் அம்மே?"

மங்கலம் மதிலோரத்தைக் காட்டக் கை தூக்கினாள். அதற்குள் ஜானவி கேட்டாள்:

"சேட்டா, இது எத்தனை பாரம் தாங்கும்?"

"ஆனை நிக்கும் மோளே."

"அப்போ இங்க வையுங்கோ." ஓடையைக் காட்டினாள்.

ரெஜி கல்லைப் பார்த்தான், ஓடையைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். சிரிக்காமல் கேட்டான்: "எழுத்து மேலயோ, கீழயோ?"

"மேல. மழையில சக்கரம் வழுக்காது."

ஞாயிற்றுக்கிழமை காலை எம்.எல்.ஏ.யின் பி.ஏ. வினீத் ஓடிவந்தான்.

"எந்தா மங்கலம் மாமி இது? நாளைக்கு ஒன்பது மணிக்கு உத்காடனம். சார் திரை நீக்க வேண்டிய கல்லாக்கும்! இதுல சவிட்டி நடக்கலாமோ?"

"நான் நடக்கலையே," என்றாள் ஜானவி. "ஸ்லாப் கொண்டுவாங்கோ. போட்டதும் கல்லை எடுத்துக்கோங்கோ."

"ஒரு நாள்ல எங்கனயா ஸ்லாப்?"

"ஒரு நாள்ல பந்தல் வரும், மைக் வரும், பொன்னாடை வரும். ஸ்லாப்புக்கு மட்டும் வழி தெரியாதா?"

வினீத் ரெஜிக்குப் போன் போட்டான். இறக்கியது ஒரு வேலை, தூக்குவது வேறு வேலை, இடத்துக்காரி சொல்லாமல் தொட மாட்டோம் என்று யூனியன் மரியாதையோடு பதில் வந்தது. நம்பியிடம் போனான். பூப்போலத் தூக்கும் நாலு பேருக்கும் அந்த நிமிஷமே இடுப்பு பிடித்துக்கொண்டது. யூனியன் வைத்த கல்லை வேறொருவன் தொட்டால் என்ன ஆகும் என்று, தினமும் அவர்களை வைத்தே சரக்கு இறக்கும் கடைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திங்கட்கிழமை வினீத் கல்லைப் படுத்த வாக்கிலேயே சிவப்பு வெல்வெட்டால் மூடி, மேலே ஒரு கயிற்றைக் கட்டிவைத்தான். 'தரையோடு தரையாக மக்கள் பணி' என்று அறிவிப்பாளருக்கு எழுதியும் கொடுத்தான். ஒன்பதே காலுக்குச் செண்டை முழங்க எம்.எல்.ஏ. வந்தார். நம்பி பொன்னாடையை விரித்தார். எம்.எல்.ஏ. கயிற்றை இழுத்தார். காமராக்கள் குனிந்தன.

துணி விலகியபோது கல்லின் அந்தப் பக்கம், வாசலில், நாற்காலி தயாராக நின்றது.

"நகருங்கோ சார். நேரமாச்சு."

எம்.எல்.ஏ. குரலைத் தாழ்த்தினார். "மோளே, அதுல என்டெ பேரல்லே இருக்கு?"

"தெரியும் சார். முழுமையாக நிறைவேற்றப்பட்டுன்னும் இருக்கு. எது பொய்யோ அதுமேல ஏத்தறேன். பேரு நடுவுல வந்துட்டா நான் என்ன பண்ண?"

செண்டைக்காரர்கள் கோலை நிறுத்திவிட்டார்கள். முப்பது வருட அரசியல் எம்.எல்.ஏ.வைக் கைவிடவில்லை. காமராவைப் பார்த்து அகலமாகச் சிரித்தார். "வா மோளே, நான் பிடிச்சுக் கடத்தி விடறேன்," என்று நாற்காலியின் கைப்பிடியை நோக்கி வந்தார்.

"தொடாதீங்கோ."

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் மைக் பக்கத்திலிருந்தது. தெருக்கோடி வரை கேட்டது. நீட்டிய கை, வேறு வேலை இல்லாததால், கும்பிடாக மாறியது.

ஜானவி விசையை அழுத்தினாள். முன்சக்கரம் கல்லில் ஏறியது. மங்கலம் கண்ணை மூடிக்கொண்டாள். 'முழுமையாக'வின் மேல் இடச் சக்கரமும் 'ஹரிகுமா'ரின் மேல் வலச் சக்கரமும் உருண்டன. கல் ஒரு முறை 'டக்' என்றது. அவ்வளவுதான். தெருவில் இறங்கியவள் திரும்பிப் பார்க்காமல் வளைவில் மறைந்தாள். ஒன்பது இருபத்தெட்டுக்குப் பழவங்காடியில் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு லாரி நின்றது. அத்தனை நாள் ரிவைஸ் ஆகிக்கொண்டிருந்த எஸ்டிமேட் எட்டு மணி நேரத்தில் கான்கிரீட்டாகி வந்திருந்தது. புது ஸ்லாப்பைக் கல்லுக்கு அருகிலேயே ஓடைமேல் போட்டிருந்தார்கள். ரெஜியின் ஆட்கள் கயிற்றோடு காத்திருந்தார்கள். வினீத் ஈரத்துணியால் தங்க எழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இனி எடுக்கலாமோ மோளே?" என்றான் ரெஜி.

"இருங்கோ."

அவள் ஸ்லாப்பில் ஏறி உள்ளே போனாள். திரும்பினாள். வெளியே வந்தாள். மறுபடியும் உள்ளே போனாள். வினீத் கையில் துணியோடு நின்றான். ஒரு மூலை ஆடியது. அதன் அடியில் சிமெண்டு வைக்கச் சொன்னாள், வைத்தார்கள். இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

"இப்போ எடுத்துக்கோங்கோ."

இதற்குள் நம்பி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "மக்ளே, அந்த ஸ்லாப்புல நில்லு. குரூப்புல போடணும்."

"போடுங்கோ மாமா. ஆனா இன்னும் ரெண்டடி தள்ளி நின்னு எடுங்கோ," என்றாள் ஜானவி. "பின்னால யாரும் பிடிக்கலைன்னு படத்துல தெரியணும்."