மூன்றாவது சத்தம்

அந்தோனியார் திருநாளுக்குப் புதுப் பாட்டுகள் செய்ய சிந்தசைசர் வாங்குவதா, மடிக்கணினியில் இருக்கும் மென்பொருளே போதுமா என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். குருநகர் உப்புக்காற்றில் சிந்தசைசரின் கட்டைகள் இறுகிவிடும் என்றான் ஒருவன். கணினி பாட்டின் நடுவில் நின்றுவிடும் என்றான் இன்னொருவன். இருவருக்கும் ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாது.

கடைசியில் ஒரு சிந்தசைசரை இரவல் வாங்கி வந்தேன். மனைவி நிரோஜினி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். ஒரே மெட்டை முதலில் சிந்தசைசரிலும் பிறகு கணினியிலும் வாசித்தேன்.

"எது நல்லா இருக்கெண்டு சொல்லும்" என்று இங்கிருந்தே கேட்டேன்.

"மூண்டாவது."

"நான் ரெண்டுதானே வாசிச்சனான்?"

எட்டிப் பார்த்தேன். குசினிக் கதவு திறந்து கிடந்தது. ஒழுங்கையில் பாட்டுப் போட்டபடி வந்து நின்ற, பாணும் பணிசும் விற்கும் ஓட்டோவுக்குப் பக்கத்தில் அவள் பையோடு நின்றாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் ஓட்டோ போன பிறகும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. சிந்தசைசரில் தேடினேன், கணினியிலும் தேடினேன். இரண்டிலும் அது இல்லை.