தரை தொடாத கோழிகள்

றக்வானைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், மூன்றாம் லயத்து ஜீவராணியின் கோழிகள் தரையில் கால் வைப்பதை ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை நிறுத்திக்கொண்டன. ஒரு சாண் உயரத்தில் நின்றன. ஒன்றரைச் சாண் என்று சொல்கிறவர்கள் மேல் டிவிசன் ஆட்கள். தாங்கள் பறித்த கொழுந்தின் நிறையையும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒன்பது கோழிகளும் காற்றில் நடந்தன, காற்றில் நின்றபடியே இறகு கோதின, முட்டையையும் அங்கேயே இட்டன. இட்ட முட்டை இட்ட இடத்தில் அசையாமல் நின்றது. ஜீவராணி பார்த்தாள். ஒரு சாணாவது குறைவாகக் குனியலாம், இடுப்புக்கு நல்லதுதான் என்று முட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

இதற்கெல்லாம் காரணம் அவள் புருஷன் கஜேந்திரன் கொண்டுவந்த ஆறு வாத்துகள். கஜேந்திரன் அரநாயக்கப் பக்கத்து ஆள். அங்கே ஒரு மழைக்காலத்தில் வாத்துகள் இடைவிடாமல் கத்துகின்றனவே, மரநாய் வந்துவிட்டதோ என்று வெளியே போய்ப் பார்த்தவன், திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் மலை இருந்தது. வீட்டுக்குள் அவன் அம்மாவும் தம்பியும் படுத்திருந்தார்கள். அதிலிருந்து பக்கத்தில் வாத்து இல்லாவிட்டால் அவனுக்குக் கண் மூடாது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் பையைக் கட்டிவிடுவான். ஒன்பது வருஷத்தில் பதினோரு தோட்டம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள்; இவன் விஷயத்தில் ஊரெல்லாம் மலை, பாவம் எங்கேதான் போவான்? எல்லாம் தெரிந்துதான் ஜீவராணி தை மாதத்தில் அவனைக் கட்டிக்கொண்டாள். இந்த மனுஷன் ஒரு மழைக்காலமாவது இங்கே தங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் அவள் சாமியிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

லயத்து வரிசையில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் எட்டுக்கு ஆறடி இடந்தான். அவளுடைய பதினாலு கோழியும் அவனுடைய ஆறு வாத்தும் ஒரே கூட்டில் அடைந்தன. அடுத்த காம்பரா தங்கம்மா அன்றைக்கே சொன்னாள், ஒரு கூட்டுக்குள் இரண்டு சாதியை அடைத்தால் ஒன்று நனையும், இன்னொன்று சாகும் என்று. தங்கம்மா வாயில் நல்லது வராது என்பது லயத்துக்கே தெரியும், ஆனால் வந்தது பலித்துவிட்டது. கோழிக்கு வைத்த தண்ணீரில் வாத்துகள் மூக்கைக் கழுவின. தண்ணீரைச் சட்டியில் ஊற்றுவதற்குள் தரையில் கொட்டின. கூட்டில் போட்ட மரத்தூள் மூன்றே நாளில் சேறானது. ஆண் வாத்து சும்மா இருக்காமல் கோழிகள் மேல் ஏறி, இரண்டு கோழிக்கு முதுகில் இறகே இல்லாமல் போனது. சேவல் நியாயம் கேட்கப் போய் ஒரு கண்ணை இழந்தது. பிறகு சளி, வெள்ளைக் கழிச்சல். ஆனி முடிவதற்குள் ஐந்து கோழிகள் செத்தன. மீதி ஒன்பதும்தான் இந்த ஈரத்தோடு நமக்கு ஒத்துவராது என்று தரையைக் கைவிட்டன.

கால்நடை ஆபீஸிலிருந்து சிந்துஜன் வந்தான். யாழ்ப்பாணத்துப் பொடியன், மரியாதை தெரிந்தவன். கோழிகளுக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தான். “ரெண்டையும் பிரிச்சு வையுங்கோ அக்கா, ஈரம்தான் பிரச்சினை” என்றான். படிவத்தில் உயரத்துக்குக் கட்டம் இல்லாததால், காற்றோட்டம் போதுமானது என்று எழுதிக்கொண்டு போனான். பிரிப்பதா? அதையும் அவள் செய்து பார்த்திருந்தாள். ஒரு நாள் வாத்துகளைக் கடைக்கார பயாஸின் கொல்லையில் விட்டதற்கு, கஜேந்திரன் விடியும்வரை வாசலில் நடந்து, காலையில் பையைக் கட்டி ஆணியில் மாட்டிவிட்டான். அவள் கொழுந்துக்கூடையிலேயே ஆறையும் அள்ளிக்கொண்டு வந்து சேர்த்தாள்.

ஆவணியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இந்த மண்ணிலேயே வாத்து பிறந்துவிட்டால் அவனும் கொஞ்சம் வேர் பிடிப்பான் என்று நினைத்தாள். இந்த வாத்துகளுக்கு அடைகாக்கிற பழக்கம் கிடையாது, முட்டையைக் கோழிக்குத்தான் வைக்க வேண்டும். கருப்பி என்ற கோழி அடை கிடந்தது. அதன் கூடையை முழங்கால் உயரத்தில் கயிற்றில் தொங்கவிட்டு நாலு வாத்து முட்டையும் ஐந்து கோழி முட்டையும் ஒரே நாளில் வைத்தாள். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. கோழி முட்டைக்கு இருபத்தொரு நாள், வாத்து முட்டைக்கு இருபத்தெட்டு. வாத்து முட்டையை ஒரு வாரம் முந்தி வைத்திருக்க வேண்டும். இருபத்தொன்றாம் நாள் கோழிக்குஞ்சுகள் வெளியே வந்ததும் எந்தக் கோழியும் எழுந்து போய்விடும். கருப்பி போகவில்லை. குஞ்சுகள் கூடையைச் சுற்றிக் காற்றில் ஓடித் திரிய, அது இன்னும் ஏழு நாள் எலும்பும் தோலுமாகக் கிடந்து நாலு வாத்துக்குஞ்சையும் பொரித்தது. நாலும் நேரே சேற்றில் குதித்தன. கருப்பி அவற்றுக்கு மேலே நின்றுகொண்டு நாள் முழுக்கக் கூப்பிட்டது.

ஐப்பசி மழை பிடித்தது. கோழிகள் இடுப்பு உயரத்துக்கு ஏறின. இன்னும் மேலே போய்விடாமல் ஜீவராணி அவற்றின் காலில் கயிறு கட்டி வைத்தாள். கஜேந்திரன் வேலைக்குப் போய் வந்து சாப்பிடாமல் மலையைப் பார்த்தபடி நின்றான். நாலாம் நாள் பையை ஆணியிலிருந்து எடுத்தான்.

“கோழியே தரைய நம்பல ஜீவா. நம்ம மட்டும் எதுக்கு நம்பணும்?”

கோழி மேலே போனதற்குக் காரணம் அவன் வாத்துகள் செய்த ஈரம், மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மண் இறங்கினால் வாத்து கத்தும் என்று சொன்னவனே அவன்தான், வாத்துகள் இதோ தூங்குகின்றன என்று அவள் எடுத்துச் சொன்னாள். நீயும் வா என்றான். எங்கே என்று ஒரு இடத்தைச் சொல்லச் சொன்னாள். அவன் கூடையைத் தேடி எடுத்தான். ஆறு வாத்தையும் நாலு குஞ்சையும் அதில் போட்டு மூடிக்கொண்டு காலை பஸ்ஸுக்கு இறங்கிவிட்டான். வாத்து வாத்துதானே, அவனுடையதுதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

கருப்பிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. காலில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு, இடுப்பு உயரத்தில் தேயிலைக்கு மேலாக நேரே பாதைப் பக்கம் ஓடியது. ஜீவராணி அறுந்த கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு குறுக்குப் படிகளில் பின்னால் ஓடினாள். றக்வானைப் பாதையில் பஸ் ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கித்தான் திரும்பும். மூன்றாம் வளைவில் கோழி பஸ்ஸின் முன்னால் நின்றது. டிரைவர் நிறுத்தினார். கருப்பி மெல்ல உயர்ந்து, கஜேந்திரன் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு நேராக வந்து கூப்பிட்டது. கூடைக்குள்ளிருந்து நாலு குஞ்சும் பதில் கொடுத்தன. தாயையும் பிள்ளைகளையும் இப்படிப் பிரிக்கிறது பாவம் என்று கண்டக்டர் சிங்களத்தில் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஆமோதித்தார்கள்.

ஜீவராணி மூச்சிரைக்க ஜன்னலடிக்கு வந்து சேர்ந்தாள். “போறதுன்னா போங்க. அது பொரிச்ச நாலையும் எறக்கி விட்டுட்டுப் போங்க.”

அவன் மூடியைத் திறந்து குஞ்சுகளைக் கையில் எடுத்தான். கொடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தான்.

“இதுங்களுக்கு இன்னும் சரியா கத்தத் தெரியாது” என்றான். “மண்ணு எறங்குனா ஒன்னைய யாரு எழுப்புவா?”

“அப்ப நீங்க இருந்து எழுப்புங்க.”

பஸ் அவன் இறங்கும்வரை நின்றது. கூடையை அவன் தலையில் வைத்துக்கொண்டான், பையை அவள் வாங்கிக்கொண்டாள், கருப்பி நடுவில் போனது.

அந்த மழையில் மலை இறங்கவில்லை. குஞ்சுகள் கத்தப் பழகும்வரை இருக்கிறேன் என்றுதான் கஜேந்திரன் சொல்லியிருந்தான். அவை மார்கழியிலேயே லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தின. தங்கம்மா சாபம் விட்டாள். அவன் இப்போது வாத்துகளுக்குத் தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாகத் தனியே வேலி அடைத்துவிட்டான். தரை காய்ந்து கிடக்கிறது. கோழிகள் என்னவோ இறங்கவில்லை, அவன்தான் கூட்டின் கூரையை உயர்த்திக் கொடுத்தான். சிந்துஜன் வந்து பார்த்துத் திருப்தி என்று எழுதிக்கொண்டான். மழை பிடித்தால் கஜேந்திரன் இன்றைக்கும் எழுந்துபோய் ஆணிப் பக்கம் நிற்கிறான். கட்டிய பை அங்கேதான் தொங்குகிறது, கருப்பி நிற்கிற உயரத்தில். கருப்பிதான் அதன் திறந்த வாய்க்குள், துணிகள் மேல் அடை கிடக்கிறது. அது ஒரு தரம் பொரித்து முடிவதற்குள் ஜீவராணி அடுத்த தரத்துக்கு முட்டை சேர்த்துவிடுகிறாள், எல்லாம் வாத்து முட்டை. அவன் பையைத் தூக்கிப் பார்த்து, முட்டையில் சூடு இருக்கிறது என்று மெதுவாக விட்டுவிட்டு, இருபத்தெட்டு நாள் போகட்டும் என்று வந்து படுத்துக்கொள்கிறான்.