காவல் எலிக்குப் புதுத்தூள்

அந்த அறையில் முந்நூறு கூண்டுகள். டாக்டரம்மா பத்து வருஷம் பாடுபட்டு, மரபணுவை மாற்றி வளர்த்த எலிகள். நோயை எதிர்க்கும் சக்தி அவற்றுக்குப் பிறவியிலேயே கிடையாது. வைரஸ் ஒருமுறை உள்ளே போய்விட்டால் அவ்வளவுதான், உயிர் இருக்கும்வரை உடம்பை விட்டுப் போகாது.

கூண்டு கழுவுகிறவர் வாரம் ஒருமுறை எலிகளுக்குப் படுக்கையாக விரித்த மரத்தூளை மாற்றுவார். அப்போது ஒவ்வொரு கூண்டிலிருந்தும் ஒரு கரண்டி அழுக்குத்தூளை எடுத்து, கீழ்த்தட்டில் தனியாக இருக்கும் காவல் எலியின் கூண்டில் கொட்ட வேண்டும். அது எதிர்ப்புச் சக்தி உள்ள சாதாரண எலி. எந்தக் கூண்டில் நோய் நுழைந்தாலும் அந்த அழுக்கு வழியாக அதற்கும் தொற்றும்; அதன் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊரார் மூத்திரத்தில் எல்லாம் ஒரு ஜீவன் புரள வேண்டுமா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆறு மாதமாக அதற்குப் புதுத்தூளே போட்டுவந்தார். இரண்டு தடவை ரத்தம் பார்த்தார்கள். சுத்தம் என்றே வந்தது.

பிறகு மற்ற கூண்டுகளில் எலிகள் இளைக்க ஆரம்பித்தன. அவற்றையே சோதித்ததில் எல்லாக் கூண்டிலும் வைரஸ்.

"காவக்காரன் வீட்டை விட்டுட்டு ஊரையே கொள்ளையடிச்சிருக்கே, கெட்டிக்கார வைரஸ்தான்!" என்றார் மேற்பார்வையாளர்.

"கொஞ்சத்தையாவது காப்பாத்த முடியாதாம்மா?" என்று கேட்டார் கூண்டு கழுவுகிறவர்.

"முதல்லயே தெரிஞ்சிருந்தா நோய் தொடாத நாலு ஜோடியைப் பிரிச்சு வச்சிருப்பேண்ணே. இப்ப எதைப் பிரிக்கிறது? இந்த வம்சம் இதோட முடிஞ்சுது."

கூண்டு கழுவுகிறவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டார். "அழுக்குத்தூளை நான் போடவே இல்லம்மா. பாவமா இருந்துச்சு."

டாக்டரம்மா குனிந்து கீழ்த்தட்டில் இருந்த காவல் எலியைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அதுக்குப் பாவம் பாத்தீங்க," என்றார். "சரி. கேஸ் பெட்டியைக் கொண்டாங்க. காவல் எலியையும் சேர்த்துதான். இந்த ரூம்ல இருந்த எதுவும் வெளிய போகக்கூடாது."

மேல்தட்டிலிருந்து ஆரம்பித்து, கூண்டு கூண்டாக எலிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு மூடி, உயிர் போக்கும் வாயுவைத் திறந்தார்கள். பெரிய எலிகள் சீக்கிரம் அடங்கின. பதினோராவது கூண்டில் கண் திறக்காத குட்டிகள், ஏழு.

"குட்டிங்களுக்குச் சட்டுனு உயிர் போகாது," என்றார் டாக்டரம்மா சுவரைப் பார்த்தபடி. "ரொம்ப நேரம் வைக்கணும். பாதியில திறந்துடாதீங்கண்ணே, அது இன்னும் கொடுமை."

கூண்டு கழுவுகிறவர் இரண்டு கையாலும் மூடியை அழுத்திக்கொண்டு நின்றார். கண்ணாடிக்குள் ஏழும் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன.