வெள்ளையாய் முளைத்தவை

சோதனைக் கிணற்றை மூடச் சம்மதம் என்று நேற்றுக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். வேறு யாரையும் திட்ட வழியில்லை.

ஆலை இயந்திரங்களைக் கழுவிக் கொட்டிய திரவம் இறங்கி அங்கே நிலத்தடி நீரே விஷம். அதைத் தின்னும் பாக்டீரியாவைப் பதினொரு வருடம் வளர்த்து, கிணற்றில் இறக்கினேன். மாதாமாதம் தண்ணீர் எடுத்து, மற்ற பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கலந்த தட்டில் பூசுவோம். அந்த மருந்தைத் தாங்கும் மரபணுவும் விஷம் தின்னும் மரபணுவும் என் பிள்ளைகளிடம் ஒன்றாகவே இருந்தன. அவை மஞ்சளாக முளைக்கும். எண்ணினேன்: ஆயிரம், நூறு, பத்து, பூஜ்யம்.

"வெள்ளையா ஏதோ முளைச்சிருக்கே மேடம்?" என்றாள் ஆய்வக உதவியாளர்.

"தட்டை ஒழுங்கா மூடுன்னா கேட்டாத்தானே! வெளி அழுக்கு அது" என்று அவளைக் கடித்துக் குதறினேன். நோட்டிலும் நான்கு மாதம் அப்படியே எழுதி, தட்டுகளை அவித்துக் கொட்டினேன்.

இன்று காலை கடைசித் தண்ணீர் அறிக்கை வந்தது. விஷம் பாதியாகக் குறைந்திருந்தது. செத்தவையா தின்றன? அவிக்காமல் கிடந்த ஒரே தட்டை எடுத்து வெள்ளையைச் சோதித்தேன். மண்ணிலேயே இருந்த பாக்டீரியா அது. உள்ளே என் மரபணு! சாவதற்குள் என் பிள்ளைகள் அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கின்றன.

அதிகாரிக்குப் போன் போட்டேன். "சார், கிணத்தை மூடாதீங்க!"

"காலையிலேயே சிமெண்ட் ஊத்தியாச்சேம்மா."

விவரம் சொன்னேன்.

"மழைத்தண்ணி கலந்து குறைஞ்சிருக்கும். ஒரே ஒரு தட்டை வச்சு நான் என்ன பண்றது? வெளி அழுக்குன்னு நாலு மாசமா எழுதினது நீங்கதானே?"

போனை வைத்தேன். திட்டம் முடிந்தது.

அறைக்கு வந்து விளக்கைக்கூடப் போடாமல் அக்காவை அழைத்தேன். அவள் வீட்டில் பேரப்பிள்ளைகளின் கூச்சல் காதைப் பிளந்தது.

"என்னோடது எல்லாம் செத்துப்போச்சுக்கா."

"அட கடவுளே! அப்போ அந்த விஷம்?"

"அங்கேயே இருந்ததுங்க தின்னுதுங்க. என்னோடதுங்ககிட்ட வாங்கிக்கிச்சுங்க."

"நல்லதுதானேடி! இதுக்கா அழுவுற?"

"இனிமே நான் வேண்டாமேக்கா, அதுங்களுக்கு."

"பைத்தியம்! சாப்பிட்டியா முதல்ல? இரு, சின்னவன் விழுந்துட்டான், அப்புறம் பேசறேன்."

அப்புறம் அவள் அழைக்கவில்லை. நான் இன்னும் சாப்பிடவில்லை.