சந்தி சிரித்த கதை

எங்கள் வயிற்று டாக்டருக்குத் திடீரென்று நாடகப் பித்துப் பிடித்தது. டோக்கனோடு காத்துக் கிடக்கும் நோயாளிகளுக்கு, குடல் நம்மை எப்படிக் காப்பாற்றுகிறது என்று நடித்துக் காட்ட வேண்டுமாம். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஊசி குத்தச் சொன்னால் குத்துவேன், கூத்தாடச் சொன்னால் எங்கே போவேன்? ஆனாலும் தலையாட்டினேன். மருந்துக் கவுன்டரில் இருக்கும் என் தங்கையும் நடிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன், அதுதான் காரணம்.

அவள் என்னோடு பேசி மாதக்கணக்காகிறது. அவள் மகள் பரீட்சையில் தவறியபோது, "அம்மாவே மக்கு, பொண்ணு எப்படித் தேறும்?" என்று நான் சொன்னேனாம். சத்தியமாகச் சொல்லவில்லை. யார் சொன்னது என்று கேட்டால் முகத்தை வெட்டிக்கொண்டு போய்விடுவாள். இப்போது வேறு ஊருக்கு மாற்றல் வந்து, திங்கட்கிழமை கிளம்புகிறாள். போவதற்குள் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

டாக்டர் எங்களை வரிசையாக நிறுத்தினார். நாங்கள்தான் குடலின் உள்தோல், ஆளுக்கு ஒரு செல். உயரம் பார்த்து நிறுத்துகிறேன் பேர்வழி என்று என்னைத் தங்கைக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார் மனுஷன்.

"கையைக் கோத்துக்கிட்டா போதுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"போதாதும்மா. பக்கத்து பக்கத்து செல்லெல்லாம் மேல்பக்கத்துல இடுப்புப் பட்டை மாதிரி சுத்தி ஒட்டிக்கும். அதுக்குப் பேரு இறுக்கச் சந்தி. கிருமி இடுக்குல நுழையாம அது பாத்துக்கும். அதுக்குக் கீழ பட்டன் மாதிரி அங்கங்க வேற பிடிப்பு இருக்கு. குடல் எவ்வளவு முறுக்கினாலும் செல்லு பிஞ்சு போகாது."

"அப்ப சாப்பாடு?"

"சர்க்கரையெல்லாம் செல்லுக்குள்ள பூந்துதான் போகும். முன்னால வாங்கி பின்னால குடுங்க. இடுக்கு வழியா எவனுக்கும் வழி விடாதீங்க."

காயத்துக்குச் சுற்றும் துணியால் இடுப்போடு இடுப்பாகக் கட்டிக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த முடிச்சைத் தங்கை வேண்டுமென்றே தொளதொளவென்று விட்டாள். என் புடவை கூட அவள் மேல் படக்கூடாதாம். எனக்கும் வீம்பு வந்தது, நானும் விலகியே நின்றேன்.

கிருமி வேஷம் கேன்டீன்காரருக்கு. ஒரு மேஜையில் கேட்டதை டீயோடு அடுத்த மேஜைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர் என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் ரேடியோ. டாக்டர் அவரிடம், "சில கிருமி செவுத்த இடிக்காது. சந்தியத் தளர்த்துற விஷத்தக் கக்கிட்டு, இடுக்குல நழுவிடும். அதை எப்படி நடிக்கிறதுன்னு உங்க இஷ்டத்துக்கு விட்டுட்டேன்" என்றார். இவரிடம் போய் இஷ்டத்துக்கு விடலாமா?

நாடகம் தொடங்கியது. ரேடியோ தோளால் முட்டினார், தலையால் முட்டினார். சுவர் அசையவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அப்புறம்தான் அவருக்கு விஷம் ஞாபகம் வந்தது. என் காதோரம் குனிந்தார்.

"அக்கா இடுப்பக் கட்டத் துணியே பத்தலன்னு உங்க தங்கச்சி சொல்லிச் சொல்லிச் சிரிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. கை தானாக முடிச்சுக்குப் போனது. அவரோ அதற்குள் தங்கை பக்கம் சாய்ந்துவிட்டார்.

"நீ மாத்தலாகிப் போறதுல, சனியன் தொலைஞ்சுதுன்னு அக்காவுக்கு ஒரே சந்தோஷமாம்."

தன் சட்டைக் காலரில் மைக் குத்தியிருப்பதை அவர் மறந்தே போனார். ரகசியம் ரெண்டும் ஹால் முழுக்கக் கணீரென்று கேட்டது. குடும்ப விஷயம் சந்தி சிரிக்கும் என்பார்கள். எங்கள் விஷயம் இறுக்கச் சந்தியிலேயே சிரித்தது. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

முன் பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் மருந்துச் சீட்டை ஆட்டிக்கொண்டு எழுந்தார். "ஏம்மா, அவன் பேச்சக் கேக்காதீங்க! அவன் கிருமி!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. ரேடியோவையே உற்றுப் பார்த்தாள்.

"துணி பத்தலன்னு நான் எப்பச் சொன்னேன்? அந்த மக்குன்னு சொன்ன பேச்சும் நீங்க வந்து சொன்னதுதானே?"

"அது... சும்மா ஒரு பேச்சுக்கு..." என்று மைக்கிலேயே வழிந்தார்.

அவ்வளவுதான், தங்கை முடிச்சைப் பிடித்து ஒரே இழு. எனக்கு மூச்சு முட்டியது. தப்பித்தால் போதுமென்று ரேடியோ எங்கள் நடுவே தலையை நுழைக்க, இரண்டு பேரும் சேர்ந்து நெருக்கினோம். அவர் "ஐயோ அம்மா" என்று பின்வாங்கினார். "பாத்தீங்களா, சந்தி இறுகினா கிருமியோட பாச்சா பலிக்காது!" என்று டாக்டர் குதித்தார். எல்லாம் நாங்களே பேசி வைத்து நடித்தது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

திரைக்குப் பின்னால் மற்ற செல்கள் அவிழ்ந்து டீ குடிக்கப் போய்விட்டன. எங்கள் முடிச்சு மட்டும் அவிழவில்லை. டாக்டர் கத்தரிக்கோல் தேடி ஓடினார். இடுப்போடு இடுப்பாக நின்றோம்.

"அக்கா" என்றாள்.

"சொல்லுடி" என்றேன்.

"மாத்தல் தானா வரலக்கா. நான்தான் கெஞ்சி வாங்கினேன். தெனம் உன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு."

"வேணாம்னு எழுதிக் குடுத்துடேன்."

"என் எடத்துக்கு ஆளே வந்தாச்சு. காலைலதான் கவுன்டர் சாவியக் குடுத்தேன்." அவள் அழ ஆரம்பித்தாள்.

ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று ஏங்கியவள் நான். இதைப் பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

டாக்டர் கத்தரிக்கோலோடு வந்து, "எங்க, இப்படித் திரும்புங்க" என்றார்.

"போங்க டாக்டர், அப்புறம் வாங்க" என்று எரிந்து விழுந்தேன்.