சனிக்கிழமைச் சவரம்

யேசுவடியான் பதினோரு வருடமாக ஒரு காரியத்தை மறைத்து வைத்திருந்தார். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டதும், பாறசாலை வரைக்கும் போய் வருகிறேன் என்று மனைவி ஜேனட்டிடம் சொல்லிவிட்டு, ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கிருஷ்ணன்குட்டியின் வீட்டுக்குப் போவார். தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர் கிருஷ்ணன்குட்டி. அவருடைய மனைவி அந்த நேரத்தில் துணிக்கடையில் வேலைக்கு நிற்பாள். யேசுவடியான் அவருக்குச் சவரம் செய்து, உடம்பு துடைத்து, முதுகில் பவுடர் போட்டு, விரிப்பை மாற்றிவிட்டு வருவார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அந்தப் புருஷன் பெண்டாட்டி இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

மறைத்ததற்குக் காரணம் வெட்கம் இல்லை. மனிதர் காணச் செய்கிற நன்மைக்கு மனிதரே கூலி கொடுத்துவிடுவார்கள், அப்புறம் பரலோகத்தில் வாங்க ஒன்றும் மிச்சம் இராது என்பது அவருடைய விசுவாசம். காரோடு ஊர் முழுக்கக் கூடிக் கைதட்டினாலும் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். மேலே கிடைப்பது தீராது.

படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் பார்க்க வரும், யேசுவடியானின் சபையைச் சேர்ந்த நர்ஸ் பிரசீதாதான் இதைக் கிளப்பிவிட்டாள். இத்தனை வருடம் கிடந்தும் கிருஷ்ணன்குட்டியின் முதுகில் ஒரு புண் இல்லையே என்று அவள் ஆச்சரியப்பட, அவர் பெருமை தாங்காமல், "உங்க சபைக்காரன் ஒருத்தன் வந்து செய்யுதான். பேரு மட்டும் கேக்காதே" என்று சொல்லிவிட்டார். அவள் பாஸ்டரிடம் சொன்னாள். அறுப்புப் பண்டிகையில் அந்த மனிதருக்குச் சால்வை போட வேண்டும் என்று பாஸ்டர் தீர்மானித்து, யேசுவடியானும் இருந்த கமிட்டியில், ஆள் யார் என்று கேட்டார். மற்றவர்கள் தெரியாது என்றார்கள்.

"அப்போ நாளைக்கு நானே போய் விசாரிக்கேன்" என்றார் பாஸ்டர்.

யேசுவடியான் முந்திக்கொண்டார். "விசாரிக்க ஒண்ணும் இல்ல பாஸ்டர். அது பொன்னுதாஸ் ஆக்கும்" என்றார்.

பாடகர் குழுவை நடத்தும் பொன்னுதாஸ் அன்று சளி பிடித்து வீட்டில் இருந்தார். பொய்தான், ஆனால் தாழ்மைக்காகச் சொன்ன பொய் என்று யேசுவடியான் தன்னைத் தேற்றிக்கொண்டார். பாஸ்டர் போன் செய்து, "நீரு செய்யிற சேவை பெரிசு" என்றபோது, பாட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்த பொன்னுதாஸ், "அப்படி ஒண்ணும் இல்ல பாஸ்டர், எல்லாம் அவருக்க கிருபை" என்றார். பாஸ்டருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பண்டிகையன்று சால்வை விழுந்தது. எதற்கு என்பது மேடையில் பாஸ்டர் அறிவித்த பிறகுதான் பொன்னுதாஸுக்குத் தெரிந்தது. அதற்குள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வெளிறிப்போய்க் கும்பிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஜேனட் சொன்னாள்: "மனுஷன்னா அப்படி இருக்கணும். நீங்களும் உண்டே, சனிக்கிழமை ஆனா பாறசாலை."

யேசுவடியானுக்கு நெஞ்சுக்குள் காந்தியது. இந்த அவமானத்துக்கும் சேர்த்து மேலே கிடைக்கும் என்று நினைத்ததும் கொஞ்சம் ஆறியது.

அடுத்த சனிக்கிழமை அவர் போனபோது, கிருஷ்ணன்குட்டியின் கட்டிலருகே பொன்னுதாஸ் ரேசரோடு குனிந்து நின்றார்.

"ஓய், நீரு எங்க இஞ்ச?" என்றார் பொன்னுதாஸ்.

"சும்மா பாக்க வந்தேன்" என்றார் யேசுவடியான்.

"உம்ம கிட்ட சொல்லுதுக்கு என்ன? இந்த வேலையை நான் செய்ததே இல்ல. அவுங்களுக்கு ஆள் மாறிப்போச்சு. மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. சால்வையும் வாங்கியாச்சு, பின்ன செய்யாம இருக்க ஒக்குமா?"

அவர் வெந்நீரில் துணியை நனைத்துக் கன்னத்தில் வைத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் "நோவுதா அண்ணே?" என்று கேட்டார். இடையிடையே மெல்லப் பாடினார். கிருஷ்ணன்குட்டி கண்ணை மூடிச் சுகமாகக் கிடந்தார்.

பொன்னுதாஸ் தண்ணீர் கொட்ட வெளியே போனதும் யேசுவடியான் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அடுத்த ஆழ்ச்சை, சனிக்கிழமைக்கு, நான்தானே?"

"அவனையே வரச் சொல்லியாச்சு மக்கா. கோவப்படாதே."

"நான் என்ன குறை வச்சேன்?"

"குறை ஒண்ணும் இல்ல. நீ நல்லவன் ஆக்கும். ஆனா இத்தனை வருஷத்துல நீ எனக்க கிட்ட பேசினது தலையைத் திருப்பும், கையைத் தூக்கும், அவ்வளவுதான். எனக்குச் சவரம் செய்யும்போ ஜன்னல் வழியா வானத்தைப் பாத்துட்டு நிப்பே. ரெண்டு தடவை காது அறுந்திருக்கு."

"சொல்லியிருக்கலாமே அண்ணே."

"நீ கேக்கல்லியே."

வீட்டுக்கு வந்ததும் யேசுவடியான் பொறுக்கமாட்டாமல் ஜேனட்டிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பதினோரு வருடத்துக் கூலியும் இந்த ஒரு பேச்சில் போகிறது என்று தெரிந்தேதான் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, மீன் கழுவிக்கொண்டிருந்த கையை உதறினாள்.

"பொன்னுதாஸுக்குக் கிடைச்ச பேரு உங்களுக்கு வேணுமாக்கும்? இந்த வயசுல இது என்ன அசூயை?"

பிறகு அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஒரு சனிக்கிழமை வீட்டிலேயே இருந்து பார்த்தார். கை சும்மா இருக்கவில்லை. மறு சனிக்கிழமை, சவரம் முடிந்திருக்கும் நேரம் பார்த்து ரப்பர் தோட்டத்து வழியாக நடந்தார். கிருஷ்ணன்குட்டி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார்.

"கழுதை ஆட்டம் களிக்கத் தெரியுமா? கடைசியில சீட்டு யாரு கையில மிஞ்சுதோ, அவன் கழுதை."

சபையில் சீட்டைத் தொடுவதே பாவம். யேசுவடியான் வாசலைப் பார்த்தார். பொன்னுதாஸ் ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். யேசுவடியானும் உட்கார்ந்தார்.

மூன்று ஆட்டத்திலும் அவர்தான் கழுதை. மூன்றாவது முறை கிருஷ்ணன்குட்டி சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. அந்த மனிதர் சிரித்து அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"இன்னும் ஒண்ணு போடும்" என்று யேசுவடியான் சீட்டுகளை வாரிக் கொடுத்தார்.