திண்டிவனத்துக்கு வராத வெள்ளிக்கிழமை

இப்போதெல்லாம் ஜனங்கள் வருஷம் பிறப்பதற்கு முன்பே, அந்த வருஷத்தில் எந்தெந்த நாளில் வேலைக்குப் போகாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அரசாங்க விடுமுறைப் பட்டியல் போனில் வந்து விழுந்த அன்றைக்கே வீட்டுக்கு வீடு கூட்டம் போடுகிறார்கள். வியாழக்கிழமை விடுமுறை, சனி ஞாயிறு எப்படியும் லீவு என்றால், நடுவில் மாட்டிக்கொண்ட வெள்ளிக்கிழமையைப் பந்தியில் அழையாமல் உட்கார்ந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். லீவு எழுதிக் கொடுத்து அதை ஒழித்துக்கட்டிய பிறகுதான் அவர்களுக்குச் சோறு இறங்குகிறது. இத்தனை பேர் சேர்ந்து வேண்டாம் என்றால் ஒரு நாளுக்கும் ரோஷம் இருக்காதா? 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் வரவில்லை.

வியாழக்கிழமை கொடியேற்றி மிட்டாய் தின்றுவிட்டுப் படுத்தவர்கள் சனிக்கிழமை எழுந்தார்கள். விழுப்புரம் ஜங்ஷனுக்குள் வியாழக்கிழமை நுழைந்த வண்டிகள் சனிக்கிழமை வெளியே போயின. செங்கல்பட்டுக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை ஒழுங்காக வந்து, ஒழுங்காகப் போனது. இங்கே யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை. “வெள்ளிக்கிழமை எப்டிப் போச்சுன்னே தெரியல” என்றார்கள். எந்த லீவு முடிந்தாலும் சொல்கிற பேச்சுதானே அது.

அந்த நாள் வந்தது ஒரு சிலருக்கு மட்டும்தான். லீவு என்று ஒன்று எழுதிக் கொடுக்கிற யோக்கியதையே இல்லாத தினக்கூலி ஆட்களுக்கு. அதில் ஒருவர் கிளியனூர் சவுரிராயன். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கி, இடுப்பு போன பிறகு கோணி ஊசியால் மூட்டை வாய் தைத்துக்கொண்டிருப்பவர். படிப்பு மூன்றாவது. எவன் எதைச் சொன்னாலும் அதில் அவனுக்கு என்ன லாபம் என்று முதலில் கேட்பார். அன்றைக்கு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தவர், டீக்கடைக்காரன் பாய்லர் பக்கத்தில் நின்றபடியே தூங்குவதைப் பார்த்தார். பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தூங்கினான். எல்லோருக்கும் மூச்சு இருந்தது, முழிப்புதான் இல்லை. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பினாயில் போட்டுத் தரை துடைக்கும் அம்சாவும், குப்பை வண்டி தள்ளுகிற ஒருவரும், கரும்பு வெட்டப் போகிற நாலு பேரும் அந்தக் கடையில் தாங்களே டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா அம்சா இது, ஊரே செத்துக் கெடக்குது?”

“சாகலாம் இல்ல பெரியவரே. லீவு வுட்டுக்கினு இருக்காங்க. நீ சக்கரை தூக்கலாப் போட்டுக்க, இன்னிக்கி கேக்க ஆளு இல்ல.”

சவுரிராயன் சர்க்கரையைத் தொடவில்லை. யாரோ பெரிய இடத்து ஆள் அந்த நாளைக் கமுக்கமாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான் என்று அப்போதே முடிவு செய்தார். அடுத்த பொங்கலுக்கு முந்தின திங்கட்கிழமையும் அப்படியே வராமல் போனபோது அது உறுதியாகிவிட்டது.

2025 அக்டோபரில் புதன்கிழமை ஆயுத பூஜை, வியாழக்கிழமை காந்தி ஜெயந்தி. நடுவில் மாட்டியது மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. அவருடைய ஒரே மகள் ரோஜாவுக்கு அப்போது நிறைமாதம். பள்ளிக்கூடத்தில் டீச்சர், பிரசவ லீவை ஜூலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டவள். தாயில்லாப் பெண் என்பதால் தலைப்பிரசவத்துக்கு அப்பாவையே நம்பி கிளியனூருக்கு வந்திருந்தாள். பாண்டி ரோட்டில், அம்சா வேலை பார்க்கும் அந்த ஆஸ்பத்திரியில்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா, செவ்வாய்க்கிழமையே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிடலாம் என்றார். புதன்கிழமை கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் சந்தனப் பொட்டு வைத்துப் பூஜையில் இருக்கும், யாரும் தொடமாட்டார்கள். வியாழக்கிழமை காலையில் அவர் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறார். செவ்வாய்க்கிழமை அந்த ஆஸ்பத்திரியில் ஒன்பது பெண்கள் வரிசையில் படுத்திருந்தார்கள், ஒன்பது பேருக்கும் இதே காரணம். சவுரிராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்களுக்கு டூரு, எம் பொண்ணு வயித்துல கத்தியா? இன்னும் பத்து நாளு கெடக்குது!” என்று சொல்லிவிட்டு, ரோஜா அழ அழ ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். மருமகன் அலெக்ஸ் ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்ப்பவன். போனில் கத்தினான். அவர் போனை அரிசிக் குண்டானுக்குள் போட்டு மூடினார்.

வியாழக்கிழமை மதியம் ரோஜாவுக்கு வலி கண்டது. நாலு நாள் லீவு போட்டு முந்தின நாளே வந்துவிட்டிருந்த அலெக்ஸ் காரை எடுத்தான். செவ்வாய்க்கிழமை பெற்ற ஒன்பது பேரையும் டாக்டரம்மா கிளம்புவதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார், ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்தான் இருந்தாள். மற்ற மூன்று பேரும் வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தார்கள், மற்றவர்கள் இருப்பார்கள்தானே என்று. அதே நம்பிக்கையில் இவளும் எழுதிக் கொடுத்திருந்தாள். “வலி இப்பத்தான ஆரம்பிச்சிருக்கு, நாளைக்குக் காலையில வேற டாக்டர் வந்துடுவாங்க” என்றாள்.

“நாளைக்கே வராதும்மா!” என்றார் சவுரிராயன். பிறகு மருமகன் பக்கம் திரும்பினார். “அலெக்ஸு, ஜல்தியா வண்டிய எடு. செங்கல்பட்டு போயிடலாம். அங்க நாளைக்கி வரும்.”

“இன்னா மாமா பேசுறீங்க? ரோடு பூரா காரு, நடுவுல மாட்டிக்கினா இன்னா பண்றது? அன்னிக்கு நீங்க இவள இட்டுக்கினு வராம இருந்திருந்தா இந்நேரம் புள்ள கையில இருந்திருக்கும். போதும், கம்முனு உக்காருங்க.”

சவுரிராயன் உட்கார்ந்தார்.

விடிந்தபோது அவர் பயந்தது நடந்திருந்தது. நர்ஸ் மேசையில் தலை சாய்த்துத் தூங்கினாள். அலெக்ஸ் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். கட்டிலில் ரோஜாவும் தூங்கினாள். ஆனால் அவள் வயிறு மட்டும் கல்லாக இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. லீவு எழுதிக் கொடுத்தது தாய்தான். வயிற்றிலிருந்த பிள்ளை யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. சவுரிராயன் மகளின் கன்னத்தைத் தட்டினார், தண்ணீர் தெளித்தார், அவள் அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கண் திறக்கவில்லை. ஏழு மணிக்கு வாளியோடு அம்சா உள்ளே வந்தாள்.

“நான் இன்னா நர்ஸா பெரியவரே? தர தொடைக்கிறவ. எதுனா ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?”

“வந்திருக்கறது நீ ஒருத்திதான், அம்சா.”

அம்சா வாளியை ஓரமாக வைத்தாள். பதினோரு வருஷம் அந்த அறையில் வெந்நீரும் துணியும் எடுத்துக் கொடுத்தவள், எது எப்போது நடக்கும் என்று பார்த்து வைத்திருந்தாள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். கத்தரிக்கோல் இன்னும் பொட்டோடு பூஜை மணையில்தான் இருந்தது. பொட்டைத் துடைத்துவிட்டு அதைக் கொதிக்க வைத்தாள். பத்தரை மணிக்கு, தாய் ஒரு முனகல்கூட முனகாமல், பெண் பிள்ளை தானாக வந்து பிறந்தது. “அவ முக்கவே இல்ல, இதுவே வழி கேட்டுக்கினு வந்துட்ச்சு” என்றாள் அம்சா. ஊரில் வேறு சத்தம் இல்லாததால் பிள்ளை அழுதது ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. குப்பை வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

பிள்ளை பிழைத்துவிட்டது. தாய் சனிக்கிழமைக்குப் போய்ச் சேருவாளா என்பதுதான் தெரியவில்லை. அம்சா துணியை மாற்றி மாற்றிப் பார்த்து, உதிரம் நின்றுகொண்டு வருகிறது என்றாள். சவுரிராயன் அதை நம்பவில்லை. மகளின் மூக்கருகே புறங்கையை வைத்தபடி அந்த முழு நாளும் உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை தான் செய்தது சரியா தப்பா என்று யோசித்தார். தப்பு என்றே பட்டது. பிள்ளை பசித்து அழுதபோதெல்லாம் அம்சா எடுத்து ரோஜாவின் மார்பில் போட்டாள். அது குடித்தது, தாய் தூங்கினாள்.

சனிக்கிழமை வெளிச்சம் ஜன்னலுக்கு வந்ததும் ரோஜா கண் விழித்தாள். கை முதலில் வயிற்றுக்குப் போனது.

“அப்பா, என் வயிறு எங்கப்பா?”

சவுரிராயன் பிள்ளையைக் காட்டினார். மரத்துப் போயிருந்த கையை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

நர்ஸ் எழுந்து, சனிக்கிழமை காலை ஐந்து நாற்பது, சுகப்பிரசவம் என்று எழுதினாள். டாக்டரம்மா கொடைக்கானலிலிருந்து போனில் வாழ்த்துச் சொன்னார். சவுரிராயன் நடந்ததை எல்லோரிடமும் சொன்னார். ஒருவரும் பொய் என்று சொல்லவில்லை. “இருக்கலாம் மாமா. அதான் நல்லபடியா ஆய்ட்ச்சே” என்றான் அலெக்ஸ். சொந்தக்காரர்கள், வலி தெரியாமல் பெற்றெடுக்க நல்ல வழியாக இருக்கிறதே என்று சொல்லி, அடுத்த வருஷம் எந்தெந்த நாள் இப்படி மாட்டும் என்று விசாரித்தார்கள்.

திங்கட்கிழமை பிறப்புப் பதிவுக்குப் போனார்கள். பதிவு எழுதுகிற சக்கரபாணி பொறுமையான ஆள். மூன்றாம் தேதி என்று எழுதச் சொல்லி சவுரிராயன் மேசையைத் தட்டியபோதும் கோபப்படவில்லை.

“பெரியவரே, நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா அந்த நாளு இந்த ஊருக்கு வரல. வராத நாள்ல பொறந்தவங்கள எழுத கட்டம் இல்ல. ரெண்டாந்தேதி போடட்டா, நாலு போடட்டா?”

“நாலே போடுங்க சார்” என்ற அலெக்ஸ் போனைத் தடவினான். “அடுத்த வருஷம் நாலாந்தேதி ஞாயித்துக்கெழம மாமா. பொறந்தநாளு கொண்டாட யாரும் லீவு போடத் தேவல.”

ஆபீஸை ஒட்டி நின்ற காருக்குள் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த ரோஜா ஜன்னல் வழியாகச் சிரித்தாள். சக்கரபாணி சாட்சிக் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினார். சவுரிராயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

“அப்பா, எங்க போறீங்க?”

“வேலைக்கு.”

வாசலில் ஒருவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். திங்கள் என்றான். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அங்கிருந்து நான்கு கடை தள்ளிப் போய் இன்னொருவரிடம் கேட்டார். அவரும் திங்கள் என்றார். “பாக்கலாம், பாக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே மண்டியைப் பார்க்க நடந்தார்.